முதல் ஆட்டிலேயே நோயைக் கண்டுகொள்வோம்

(செம்மறியாடு வளர்ப்போர் பயிற்சி முகாமில் ஆற்றப்பெற்ற உரை)



செம்மறி மந்தைகளில் பரவும் பாக்டீரியா நோய்களை எவ்வாறு கண்டறிவது என்பது பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மருந்து கொடுப்பது கால்நடை மருத்துவரின் வேலை. ஆனால் நோய் பட்டிக்குள் வந்துவிட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் ஆட்டுக்காரர்தான். மருத்துவர் மாதத்திற்கு ஒரு முறை வருவார். நீங்களோ நாள்தோறும் இரண்டு வேளை உங்கள் ஆடுகளைப் பார்க்கிறீர்கள்.

நம் முன்னோர் பரவும் நோயை 'ஒட்டுவாரொட்டி' என்று அழைத்தார்கள். ஒட்டும் நோய் பத்தாவது ஆட்டில் தெரிந்தால் பயன் இல்லை. அதற்குள் அது பட்டி முழுவதும் விதைக்கப்பட்டிருக்கும். முதல் ஆட்டில் தெரிந்தால் ஓர் ஆட்டோடு நின்றுவிடும். முப்பது, நாற்பது ஆடுகளே சொத்தாக உள்ள குடும்பத்திற்கு இந்த வேறுபாடு சிறியதன்று. மேலும், நான் கூறப்போகும் நோய்களில் சில ஆட்டோடு நிற்பவை அல்ல. ஆட்டை அறுக்கும் கையையும், குட்டியை இழுத்துப் போடும் கையையும் பற்றுபவை.

காலையில் பட்டி வாயிலில்

செம்மறியாடு கூட்டமாக வாழும் பிராணி. உடல்நலம் குன்றினாலும் முடிந்தவரை கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டே இருக்கும். அது தனியே பின்தங்கி நிற்கிறது என்றால் நோய் முற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆகவே நாம்தான் முந்திக்கொள்ள வேண்டும்.

காலையில் பட்டியைத் திறக்கும்போது ஆடுகளை மொத்தமாக வெளியே விரட்டிவிடாதீர்கள். படலை ஓர் ஆடு நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே விடுங்கள். எண்ணுவதற்காக இப்படிச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். எண்ணும்போதே ஐந்து இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, நடை. எந்தக் காலையாவது ஊன்றாமல் வருகிறதா? இரண்டாவது, முகம். மூக்கில் சளி, கண்ணில் பீளை, வாயில் நுரை உண்டா? மூன்றாவது, தாடைக்குக் கீழும் தோள்பட்டைக்கு முன்னும் வீக்கமோ கட்டியோ தெரிகிறதா? நான்காவது, வயிறு. மாலையில் மேய்ந்து திரும்பிய ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னுள்ள குழி நிரம்பியிருக்க வேண்டும். அந்தக் குழி ஒட்டிக் கிடந்தால் அந்த ஆடு அன்று மேயவில்லை. ஐந்தாவது, பின்புறம். கழிச்சல் ஒட்டியிருக்கிறதா? சினை ஆட்டின் அறையில் இரத்தக்கசிவோ, தொங்கும் நஞ்சுக்கொடியோ இருக்கிறதா?

நாற்பது ஆடுகளை இப்படிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆடுகள் வெளியேறிய பிறகு காலியான பட்டிக்குள்ளும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வீசப்பட்ட கரு, இரத்தம் கலந்த கழிச்சல், சீழ் ஆகியவை தரையில்தான் கிடக்கும்.

சந்தேகப்படும் ஆட்டிற்கு உடல் வெப்பம் பாருங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் வெப்பமானி ஒன்று ஆட்டுக்காரர் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். அதை ஆட்டிற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அதன் நுனியில் சிறிது எண்ணெய் தடவி, ஆசனவாயில் செலுத்தி, பக்கச் சுவரில் படும்படி பிடிக்க வேண்டும். நலமுள்ள செம்மறியாட்டின் வெப்பம் சுமார் 102 முதல் 103.5 பாரன்ஹீட் வரை இருக்கும். வெயிலில் ஓட்டி வந்த ஆட்டில் வெப்பம் இயல்பாகவே கூடியிருக்கும். எனவே விடியற்காலையில் பார்ப்பதே சரியானது. அப்போது 105 பாகை காட்டினால் அது காய்ச்சல்தான்.

இன்னொன்று, ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் எந்த ஆடு தீனி எடுக்கவில்லை, எது நொண்டியது, எது கரு வீசியது, எது இறந்தது, எப்போது புதிய ஆடு வாங்கினீர்கள், அந்த வாரம் எங்கே மேய்ந்தது என்று எழுதி வைக்க வேண்டும். மருத்துவர் வந்தவுடன் இவற்றைத்தான் கேட்பார். நினைவில் இருந்து சொல்வதைவிட ஏட்டில் இருந்து சொல்வது நோயை விரைவில் காட்டிக் கொடுக்கும்.

எல்லாப் பரவும் நோயும் ஒன்றல்ல

ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை, நீலநாக்கு, கோமாரி ஆகியவை வைரஸ் கிருமிகளால் வருபவை. அடைப்பான், கருச்சிதைவு நோய், குளம்பு அழுகல், சீழ்க்கட்டி நோய் ஆகியவை பாக்டீரியாக்களால் வருபவை. வைரஸ் கிருமியை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கொல்வதில்லை. பாக்டீரியாவால் வரும் நோய்களில் சிலவற்றுக்கு அவை நன்கு வேலை செய்யும். சிலவற்றில் அவற்றாலும் பயன் இல்லை. எனவே எந்த நோய் என்று தெரியாமல் கடையில் ஊசி மருந்து வாங்கிப் போடுவது இருட்டில் கல் எறிவதைப் போன்றது. அரைகுறை ஊசி போட்ட ஆட்டின் இரத்தத்தில் கிருமி கண்ணுக்குத் தெரியாமல் போய், ஆய்வுக்கூடத்தில் நோயைக் கண்டறிவதும் கடினமாகிவிடும்.

இனி, பட்டியில் நீங்கள் காணக்கூடிய நான்கு அறிகுறிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் அறிகுறி: திடீர்ச் சாவு

மாலையில் நன்றாக மேய்ந்து வந்த ஆடு விடியும்போது செத்துக் கிடக்கிறது. வயிறு விரைவில் ஊதிவிட்டது. உடல் வழக்கம்போல் விறைக்கவில்லை. மூக்கு, வாய், ஆசனவாய் ஆகிய துவாரங்களில் உறையாத கருஞ்சிவப்பான இரத்தம் கசிந்திருக்கிறது. இவை அடைப்பான் நோயின் அடையாளங்கள். சில வேளைகளில் சாவதற்குச் சற்று முன்பு ஆடு தள்ளாடி, நடுங்கி, விழுந்து வலிப்புக் காண்பதைப் பார்க்கலாம். செம்மறியாட்டில் இந்நோய் மிக விரைவில் கொன்றுவிடுவதால் பெரும்பாலும் செத்த ஆட்டைத்தான் முதலில் பார்ப்போம். துவாரங்களில் இரத்தம் வராமலும் அடைப்பான் இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். எனவே காரணம் தெரியாத திடீர்ச் சாவு ஒவ்வொன்றையும், இல்லை என்று தெரியும்வரை, அடைப்பான் என்றே கருத வேண்டும்.

இங்கேதான் நம் வழக்கம் நமக்கு எதிரியாகிறது. செத்த ஆட்டை வீணாக்காமல் தோலை உரித்து, கறியைக் கூறு போட்டு, போன பணத்தில் கொஞ்சமாவது திரும்ப எடுக்க வேண்டும் என்று மனம் சொல்லும். இல்லாதவன் மனம் அப்படித்தான் சொல்லும். அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் அந்தக் கத்தியைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்.

செத்த ஆட்டின் உடலுக்குள் இருக்கும் அடைப்பான் கிருமி மென்மையானது. உடலைத் திறக்காமல் விட்டால், உள்ளே ஏற்படும் அழுகலிலேயே சில நாட்களில் அது பெரும்பாலும் அழிந்துபோகும். உடலை அறுத்து இரத்தத்தில் காற்றுப் படச் செய்தாலோ, அந்தக் கிருமி தன்னைச் சுற்றிக் கெட்டியான உறையைப் போர்த்திக்கொண்டு வித்தாக மாறிவிடும். அந்த வித்து வெயிலிலும் வறட்சியிலும் எளிதில் சாவதில்லை. கொதிநீரில் போட்டவுடனும் சாவதில்லை. மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, பின்னொரு நாள் அங்கே மேயும் ஆட்டின் வாய்க்குள் போய் விழித்துக்கொள்ளும்.

எத்தனை ஆண்டுகள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். ஸ்காட்லாந்து நாட்டின் கரையோரம் குருய்னார்டு என்ற சிறு தீவு இருக்கிறது. இரண்டாவது உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் அரசு அங்கே செம்மறியாடுகளைக் கட்டிவைத்து அடைப்பான் வித்துகளைக் குண்டுகளில் வெடித்துச் சோதனை நடத்தியது. ஆடுகள் செத்தன. அதன் பின் அந்தத் தீவில் யாரும் கால் வைக்கக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டில், கடல்நீரில் கலந்த பார்மலின் கரைசலைத் தீவின் மண்ணில் பெருமளவில் தெளித்துத் தூய்மை செய்தார்கள். அதன் பிறகு அங்கே ஆடுகளை மேயவிட்டுப் பார்த்து, 1990ஆம் ஆண்டில்தான் தீவு பாதுகாப்பானது என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு! ஓர் அரசாங்கத்துக்கே இந்தப் பாடு என்றால், நம் ஊர் ஏரிப் படுகையில் ஓர் ஆட்டை அறுத்து இரத்தம் சிந்திவிட்டு நாம் என்ன செய்ய முடியும்?

'நன்றாக வேகவைத்துத் தின்றால் என்ன ஐயா?' என்று சிலர் கேட்பதுண்டு. ஆபத்து சட்டியில் தொடங்குவதில்லை, கத்தியில் தொடங்குகிறது. உரிப்பவரின் கையிலுள்ள சிறு கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. அந்த இடத்தில் முதலில் சிறு கொப்புளம் தோன்றும். பிறகு நடுவில் கறுத்த பொருக்குக் கட்டி, சுற்றிலும் வீங்கும். பெரும்பாலும் வலி இராது. வலி இல்லாததால் மக்கள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். கிருமி குடலிலோ மூளையிலோ புகுந்தால் உயிருக்கே ஆபத்து. நம் மாநிலத்தின் வேலூர்ப் பகுதியில் மனிதர்களுக்கு அடைப்பான் வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. செத்த ஆட்டைத் தொட்டவருக்குக் காய்ச்சலோ புண்ணோ வந்தால், உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று, 'செத்த ஆட்டைத் தொட்டேன்' என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே தெரிந்தால் குணப்படுத்த நல்ல மருந்துகள் உண்டு.

ஆகவே, திடீரென ஆடு இறந்தால் செய்ய வேண்டியவை இவை: உடலை அறுக்கவோ உரிக்கவோ கூடாது. நாய், காக்கை அண்டாதபடி மூடி, ஆள் காவல் வைக்க வேண்டும். மற்ற ஆடுகளை அந்த மேய்ச்சல் நிலத்திலிருந்து வேறிடத்திற்கு மாற்ற வேண்டும். கால்நடை மருந்தகத்திற்குச் செய்தி சொல்ல வேண்டும்; 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தும் உதவி கேட்கலாம். மருத்துவர் வந்து, இறந்த ஆட்டின் காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார். அடைப்பான் என்றால் நீல நிறக் கிருமிகள் தம்மைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையோடு வரிசை வரிசையாகத் தெரியும். ஒரு துளி இரத்தத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது, ஆட்டை ஏன் அறுக்க வேண்டும்? பிறகு மருத்துவர் சொல்லும் இடத்தில், அவர் சொல்லும் முறைப்படி உடலை எரித்தோ, குறைந்தது ஆறடி ஆழத்தில் புதைத்தோ விட வேண்டும். இரத்தம் சிந்திய மண்ணையும் வைக்கோலையும் சேர்த்தே அழிக்க வேண்டும்.

மீதமுள்ள ஆடுகளுக்கு நாள்தோறும் வெப்பம் பார்க்க வேண்டும். காய்ச்சல் கண்ட ஆட்டிற்கு மருத்துவர் பெனிசிலின் வகை மருந்து போடுவார். நலமாயுள்ளவற்றுக்குத் தடுப்பூசி போடப்படும். இந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள வித்து. எனவே தடுப்பூசியையும் பெனிசிலினையும் ஒரே ஆட்டிற்கு ஒரே சமயத்தில் போட்டால் தடுப்பூசி வீணாகிவிடும். எதற்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

தடுப்பூசியின் பலனில் ஐயம் உள்ளவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1881ஆம் ஆண்டு மே மாதம், பாரிசு நகருக்குத் தென்கிழக்கே ஒரு பண்ணையில் லூயி பாஸ்டர் என்ற அறிஞர் 24 செம்மறியாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார். வேறு 24 ஆடுகளுக்குப் போடவில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் அடைப்பான் கிருமியைச் செலுத்தினார். ஊரார் கூடிப் பார்த்திருக்க, தடுப்பூசி போடாத 24 ஆடுகளும் செத்தன, போட்டவை மேய்ந்துகொண்டிருந்தன. இன்று நாம் பயன்படுத்துவது அதைவிடச் செம்மையான தடுப்பூசி. தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் 1930களில் கண்டறிந்த வகையைச் சேர்ந்தது. நம் மாநிலத்தில் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாராகிறது. அடைப்பான் முன்பு கண்ட ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை இதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

திடீர்ச் சாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மழை பெய்து புதுப்புல் தழைத்தவுடன், கொழுத்த குட்டிகளாகப் பார்த்துத் துள்ளித் துள்ளி விழுந்து சாகும். இது துள்ளுமாரி நோய். இதுவும் பாக்டீரியாவால் வருவதுதான். ஆனால் ஆட்டுக்கு ஆடு ஒட்டுவதில்லை. குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி, திடீரென்று கிடைத்த செழிப்பான தீனியால் பெருகி நஞ்சைக் கக்குகிறது. ஒரே புல்லை எல்லாக் குட்டிகளும் மேய்வதால் ஒட்டுநோய் போலத் தோன்றும். மழைக்காலத்திற்கு முன்பே தடுப்பூசி போடுவதும், புதுப்புல்லில் வயிறு முட்ட மேயவிடாமல் இருப்பதும் இதைத் தடுக்கும். அடைப்பானா, துள்ளுமாரியா என்பதை வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரத்தச் சோதனை முடியும்வரை கத்தியை எடுக்க வேண்டாம்.

இரண்டாம் அறிகுறி: கரு வீசுதல்

செம்மறியாட்டின் சினைக்காலம் சுமார் ஐந்து மாதம். முட்டுப்பட்டோ, பட்டினியாலோ ஓர் ஆடு கரு வீசலாம். ஆனால் சினையின் பிற்பகுதியில், மூன்றாம் மாதத்திற்குப் பிறகு, அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆடுகள் கரு வீசினால் 'புருசெல்லா' என்னும் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழாமல் தங்குவதும், உயிரோடு பிறந்த குட்டி வலுவற்று ஓரிரு நாளில் சாவதும், கிடாவின் விதை வீங்குவதும் இதன் மற்ற அடையாளங்கள். வேறு சில கிருமிகளும் கருவை வீசச் செய்யும் என்பதால் சோதனை இல்லாமல் உறுதி கூற இயலாது.

இந்த நோயின் சூழ்ச்சி என்னவென்றால், ஒரு முறை கரு வீசிய ஆடு பிறகு பார்ப்பதற்கு முழு நலத்தோடு இருக்கும். அடுத்த ஈற்றில் குட்டியும் போடலாம். ஆனால் அதன் பாலிலும், பிறப்புறுப்புக் கசிவிலும் கிருமி வெளிவந்துகொண்டிருக்கும். மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவில் இது நடந்தது. அங்கிருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் விட்டுவிட்டு வரும் நீண்ட காய்ச்சலால் அவதிப்பட்டார்கள். 1887ஆம் ஆண்டில் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பல ஆண்டுகள் தெரியவில்லை. 1905ஆம் ஆண்டில், அத்தீவைச் சேர்ந்த தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட் என்பவர் நலமாகத் தோன்றிய வெள்ளாடுகளின் இரத்தத்தைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது. மறு ஆண்டில் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் வெகுவாகக் குறைந்தது. கண்ணால் பார்த்து அறிய முடியாததை ஒரு துளி இரத்தம் அறிவித்தது.

இன்று அந்தச் சோதனை மேலும் எளிது. ஆட்டின் இரத்தத்திலிருந்து தெளிந்து வரும் நீரில் ஒரு துளியையும், இளஞ்சிவப்புச் சாயமேற்றிய கிருமிக் கலவையில் ஒரு துளியையும் தட்டில் கலந்து ஆட்டினால், நோயுள்ள ஆடாக இருந்தால் நான்கு நிமிடத்திற்குள் திரிதிரியாகத் திரளும். கரு வீசிய ஆட்டை மட்டுமன்றி, கிடாக்களையும் மற்றத் தாயாடுகளையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கரு வீசப்பட்டதைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். நஞ்சுக்கொடியைக் கையால் இழுக்காதீர்கள். கருவையும் கொடியையும் காவல் நாய்க்குப் போடுவது பல இடங்களில் உள்ள பழக்கம். நாய் அதைக் கவ்விக்கொண்டு ஊரெல்லாம் நோயைப் பரப்பும். கையுறை இல்லையென்றால் கனமான பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கருவை வேறொரு பையில் இட்டு மருத்துவருக்குக் காட்டிய பிறகு ஆழமாகப் புதைக்க வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் அந்த இடத்திற்கே வரலாகாது. கரு வீசிய ஆட்டைத் தனியே கட்ட வேண்டும். பாலைக் காய்ச்சாமல் குடிக்கவோ குழந்தைகளுக்குக் கொடுக்கவோ கூடாது. வீட்டில் எவருக்காவது மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி என வாரக்கணக்கில் நீடித்தால், ஆடு கரு வீசியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வேறு காய்ச்சல் என்று கருதி வேறு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டிற்கு இந்நோயை மருந்தால் முற்றிலும் ஒழிப்பது நடைமுறையில் இயலாது. நோய் உறுதியான ஆட்டை மருத்துவரின் அறிவுரைப்படி மந்தையிலிருந்து நீக்குவதே வழி. அதை வளர்ப்பாடு என்று சந்தையில் விற்பது, இன்னொரு குடும்பத்தின் பட்டியில் நெருப்பு வைப்பதற்குச் சமம்.

மூன்றாம் அறிகுறி: நொண்டுதல்

மழைக்காலத்தில், சேறும் சாணமும் கலந்த பட்டியில், இரண்டு மூன்று ஆடுகள் ஒரே வாரத்தில் நொண்டினால் முள் குத்தியது என்று விட்டுவிடாதீர்கள். ஆட்டைப் பிடித்து உட்கார வைத்து, குளம்பு இடுக்கை விரித்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். இடுக்குத் தோல் சிவந்து, வெந்ததுபோல் ஈரமாக இருந்து, குளம்பின் உட்புறம் சதையிலிருந்து பிரிந்து, சகிக்க முடியாத நாற்றம் வீசினால் அது குளம்பு அழுகல். நோய் முற்றிய ஆடு முன்னங்கால்களை மடக்கி முழங்காலில் ஊன்றி மேயும். வாயிலும் கொப்புளம் இருந்தால் கோமாரியாகலாம். குளம்பின் மேல் விளிம்பு சிவந்து, முகமும் உதடும் வீங்கினால் நீலநாக்காகலாம்.

இந்த நோயில் நமக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. அடைப்பான் வித்து மண்ணில் பல்லாண்டு வாழும் என்றேன். குளம்பு அழுகல் கிருமியோ, ஆட்டின் காலை விட்டு வெளியே வந்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்திற்கு மேல் தாங்குவதில்லை. அதன் உண்மையான இருப்பிடம் நொண்டும் ஆட்டின் குளம்பே. எனவே நோயுள்ள ஆடுகளைப் பிரித்து, பட்டியை இரண்டு வாரம் காலியாக விட்டு, மற்றவற்றை உலர்ந்த மேட்டு நிலத்தில் அடைத்தால் நோயின் வேர் அறுபடும்.

ஜிங்க் சல்பேட் நெல்லுக்கு இடுவதற்காக வாங்கிப் பழக்கமானதுதான். பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிலோ வீதம் கரைத்து, குளம்பு மூழ்கும் அளவு தொட்டியில் ஊற்றி, ஆடுகளைச் சுமார் 15 நிமிடம் நிற்க வைத்து, பிறகு உலர்ந்த தரையில் விட வேண்டும். ஆடுகள் அதைக் குடிக்காதபடி முன்னதாகவே தண்ணீர் காட்டிவிடுங்கள். இரத்தம் வரும்வரை குளம்பைச் செதுக்குவது பழைய பழக்கம். அது புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்று பின்னர் அறியப்பட்டுள்ளது. நொண்டும் ஆட்டிற்கு மருத்துவர் போடும் ஊசி விரைவில் பலன் தரும்.

நான்காம் அறிகுறி: கட்டிகள்

மாதம் ஒரு முறை ஒவ்வோர் ஆட்டின் காதுக்குக் கீழும், தாடை மூலையிலும், தோள்பட்டைக்கு முன்னும், தொடைக்கு முன்னுள்ள மடிப்பிலும் கையால் தடவிப் பாருங்கள். எலுமிச்சங்காய் போன்ற கெட்டியான கட்டி, தொட்டால் வலியில்லாமல் வளர்ந்து வந்தால் அது நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் சீழ்க்கட்டி நோயாக இருக்கலாம். மயிர் கத்தரிக்கும்போது ஏற்படும் வெட்டு, முள் கீறல், காது வெட்டி அடையாளம் இடும் கத்தி ஆகியவற்றின் வழியே இது பரவுகிறது. கிருமி நுழைந்து கட்டி தெரிவதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம்.

கட்டி பட்டிக்குள் உடைந்தால் அந்தச் சீழ் விழுந்த தரை மாதக்கணக்கில் நோயைத் தாங்கி நிற்கும். எனவே மயிர் உதிர்ந்து கட்டி பழுக்கத் தொடங்கியதும் ஆட்டைத் தனியே கட்டி, மருத்துவரைக் கொண்டு வெளியிடத்தில் திறந்து, பாலாடைக்கட்டி போன்ற அந்தச் சீழைத் துணியில் ஏந்தி எரித்துவிட வேண்டும். கெட்டியான உறைக்குள் இருக்கும் சீழை ஊசி மருந்து எட்டுவதில்லை. வெளியே கட்டி இல்லாமலே, நன்றாகத் தின்றும் நாளுக்கு நாள் மெலியும் ஆட்டிற்கு நுரையீரலில் இக்கட்டிகள் இருக்கக்கூடும். மயிர் கத்தரிக்கும்போது இளம் ஆடுகளை முதலிலும், கட்டியுள்ள ஆடுகளைக் கடைசியிலும் கத்தரியுங்கள். இடையில் கத்தரியைக் கொதிநீரில் போட்டு எடுங்கள்.

புதிய ஆடு வந்தால்

பெரும்பாலான ஒட்டுநோய்கள் பட்டிக்குள் நான்கு காலில் நடந்துதான் வருகின்றன. சந்தையில் வாங்கிய ஆட்டையும், இரவல் வாங்கிய கிடாவையும் நேரே மந்தையில் சேர்க்காதீர்கள். ஒரு மாதம் தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டி, குளம்பையும் கட்டிகளையும் பார்த்து, கிடாவாக இருந்தால் இரத்தமும் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும். நலமான ஆடுகளைக் கவனித்த பிறகு புதியவற்றிடம் செல்லுங்கள். அதன் பின் கை கால் கழுவாமல் மந்தைக்குத் திரும்ப வேண்டாம்.

மறைப்பதால் வரும் கேடு

முடிவாக, நீங்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். நோய் என்று வெளியில் தெரிந்தால் கிடை போட யாரும் கூப்பிட மாட்டார்கள், சந்தையில் விலை விழுந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கங்களிலிருந்து காவிரிப் படுகைவரை மந்தை ஓட்டிச் செல்லும் கீதாரிகளுக்கு நற்பெயர்தான் முதலீடு. இந்தப் பயம் நியாயமானதே.

ஆனால் கணக்குப் பாருங்கள். முதல் ஆட்டில் சொன்னால் சில வாரம் கிடை நிற்கும். ஓர் ஆடோ இரண்டு ஆடோ போகும். மறைத்து வைத்தால் நோய் வயலுக்கு வயல் நடக்கும். வயல்காரர் மாடு செத்த பிறகு, அது யார் கிடையிலிருந்து வந்தது என்பது தெரியாமலா போகும்? அப்போது போகும் பெயர் ஒரு பருவத்தில் திரும்பாது. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படியும், அட்டவணையிலுள்ள நோய் என்று சந்தேகம் தோன்றினால் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவித்து, அந்த ஆட்டைத் தனிமைப்படுத்துவது உரிமையாளரின் கடமை. அடைப்பானும் ஆடுகளின் புருசெல்லா நோயும் அந்த அட்டவணையில் உள்ளன.

கிடைக்கு இடம் கொடுக்கும் நிலக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயை முன்வந்து சொல்லும் ஆட்டுக்காரரை விரட்டாதீர்கள். அவர்தான் உங்கள் வயலையும் மாட்டையும் காப்பாற்றியவர். நோய் நீங்கியதும் அவரையே முதலில் கூப்பிடுங்கள். அப்படி நடந்தால்தான் அடுத்தவரும் வாய் திறப்பார்.

ஆகவே, நாளைக் காலை படலைத் திறக்கும்போது ஒவ்வோர் ஆடாக விடுங்கள். செத்த ஆட்டை அறுக்காதீர்கள். வீசிய கருவை வெறுங்கையால் தொடாதீர்கள். நொண்டும் காலைத் தூக்கிப் பாருங்கள். கட்டியைத் தடவிப் பாருங்கள். சந்தேகம் வந்த அன்றே சொல்லுங்கள். உங்கள் மந்தையும் அதை நம்பியிருக்கும் குடும்பமும் நலமாக இருக்க வாழ்த்தி, விடைபெறுகிறேன்.